புள்ளிவிபரவியலும் ‘இந்தா வாறன்’களும்

“சோறு வடிக்கிற நேரம் வகுப்பு, மீன்காரன் வாற நேரம் வகுப்பு, நான் பேப்பர் விரிக்கிற நேரம் வகுப்பு. இந்த வீட்டில ஒரு மனிசன் எங்க இருக்கிற?”

சொன்னவர் என் கணவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு வந்து சேர்ந்தவர். முன்பெல்லாம் காலையில் போய்ப் பின்னேரம் வருவார். இப்போது காலையிலும் இருக்கிறார், பின்னேரமும் இருக்கிறார்.

“வெளி முத்தத்தில கதிரை கிடக்கு,” என்றேன்.

“மழை பெய்யுது.”

“குடையும் கிடக்கு.”

இணையவழியில் பட்டம் படிப்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் வீடு நிறைய. ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் திரையிலுமாகப் படித்துக்கொண்டிருக்கும் பாவப்பட்ட சனங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயமே ‘கற்றல் திறன்கள்’. அமைதியான இடத்தைத் தெரிவுசெய்க. குறித்த நேரத்தில் படிக்க. குழுவாகக் கலந்துரையாடுக. எழுதினவர் மட்டக்களப்பில் ஒரு நாளாவது குடித்தனம் நடத்திப் பார்த்தவர் இல்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கொன்வென்டில் படித்தேன். உயர்தரத்தில் நல்ல பெறுபேறும் எடுத்தேன். ஆனால் வந்தாறுமூலைக் கம்பசுக்கு பஸ் ஏறிப் போகிற பிள்ளை பின்னேரம் திரும்பி வருமா என்று அப்பாமார் யோசித்த சண்டைக் காலம் அது. என் அப்பா யோசிக்கவேயில்லை, கலியாணம் பேசிவிட்டார். மகள் அதே கம்பசுக்குள் காலெடுத்து வைத்த வருடம், நான் வேறொரு பல்கலைக்கழகத்தின் இணையவழிச் சமூகவியல் பட்டத்துக்குப் பதிந்தேன். சமூகவியல் பிரச்சினையில்லை. அதற்குள் புள்ளிவிபரவியல் என்று ஒரு முள் இருந்தது. முதல் வருடம் அதில் தவறினேன். இரண்டாம் முறையும் தவறினால் பதிவையே வெட்டிவிடுவார்கள் என்பது விதி.

தவறின செய்தியை இவர் தேத்தண்ணிக் கடையில் சொல்ல, அது ஒழுங்கை முழுக்கச் சுற்றி, கடைசியில் பக்கத்து வளவிலிருக்கும் என் தங்கச்சி ராணியிடம் போய்ச் சேர்ந்தது. அவள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

“விடுகா அக்கா, மருமகன் எடுக்கிற வயசில உனக்கு என்னத்துக்கு இந்தக் கணக்கு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இரண்டாம் முறை உட்கார்ந்தேன்.

மேசை

முதல் வருடம் நான் படித்த இடங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். கட்டிலில் படித்தேன், நித்திரை வந்தது. குசினியில் அரிசிப் பெட்டிக்கு மேல் கணினியை வைத்துப் படித்தேன், பால் பொங்கி ஊற்றியது. ராணி வீட்டு விறாந்தையில் படித்தேன், ராணி கதைத்தாள். போன இடத்திலெல்லாம் என்னைக் கேட்காமலே ஆரவாரம் ஒன்று வந்து இறங்கியது. வீட்டில் சிக்னல் ஒழுங்காக வரும் இடம் ஒன்றே ஒன்றுதான்: மண்டபத்து யன்னலோரம் கிடக்கும் பெரிய மேசை. அதில் இவருடைய பேப்பர், இவருடைய கண்ணாடி, இவருடைய வெற்றிலைத் தட்டம், பழுதுபட்டும் எறிய மனம் வராத இவருடைய வானொலி.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெட்டியோடு வந்து இறங்குவார். இந்த வீடு என் அம்மா எனக்கு எழுதித் தந்தது. பக்கத்து வீடு ராணிக்கு. இவ்வளவு காலமும் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் வரவில்லை. அன்றைக்குச் சொன்னேன். வெற்றிலைத் தட்டத்தைத் தூக்கி வானொலிக்கு மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து இவருடைய கையில் கொடுத்து, “வீடு என்ட. மேசையும் வீட்டுக்குள்ளதான் நிக்குது,” என்றேன். பிறகு கொன்வென்டில் சிஸ்டர் செய்வதுபோல் வெண்கட்டியால் மேசையைச் சுற்றித் தரையில் ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்கு உள்ளே ஈ கூட உட்காரக்கூடாது.

இவர் நீதி கேட்டு ராணியிடம் போனார். அவளும் வீட்டுக்காரி அல்லவா, இந்த ஒரு விஷயத்தில் என் பக்கம் சாய்ந்துவிட்டாள். திரும்பி வந்த மனிதர் கோட்டுக்கு வெளியே நின்று மேசையைப் பார்த்தார்.

“கலியாணம் பேசின அண்டு உன்ட அப்பா வீட்டைச் சுத்திக் காட்டினார். மேசையைப் பற்றி ஒண்டும் சொல்லல்லயே.”

நண்டுக்குத் தெரியுமா

சனிக்கிழமை காலை விரிவுரை. அதே நேரம்தான் வாவிக் கரையிலிருந்து மீன்காரர் தவராசா மோட்டார் சைக்கிளில் வருவார். அவருடைய கோர்ன் சத்தத்துக்குப் பூனைகளே வரிசையில் நிற்கும். ஒருநாள் விரிவுரையாளர் சராசரியை விளக்கிக்கொண்டிருந்தபோது, என் மைக் திறந்திருப்பது தெரியாமல் யன்னலால், “தவராசா! இறால் இண்டையானா, ஐசில கிடந்ததா?” என்று கத்திவிட்டேன். திரையின் ஒரு மூலையிலிருந்து யாரோ ஒரு பெண்பிள்ளை, “அக்கா, எங்களுக்கும் கேட்டுச் சொல்லுங்க” என்றாள். அன்றைக்கு வகுப்பு இறாலோடு முடிந்தது.

வகுப்புக்கு முன்னால் வரச் சொல்லித் தவராசாவிடம் கேட்டேன். வலை கரைக்கு வருகிற நேரம்தான் மீன் வரும், வலைக்கு உங்கள் வகுப்பு தெரியாது என்றார். நியாயம்தான். வகுப்பையும் நகர்த்த முடியாது, வாவியையும் நகர்த்த முடியாது. ஆகவே சனிக்கிழமைகளில் கேற்றடியில் மூடி போட்ட வாளி ஒன்றை வைத்தேன். அவருக்கு எது நல்லதென்று படுகிறதோ அதைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். கோர்ன் கூடாது. வந்ததைச் சமைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.

முதல் சனிக்கிழமையே கால் கட்டாத நண்டு போட்டுவிட்டுப் போனார். இவர் வாளியைக் குசினிக்குக் கொண்டுவந்து, உள்ளே என்னவென்று பார்க்க மூடியைத் திறந்தார். பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். வாளி விழுந்த சத்தம். கதிரைமேல் ஏறின சத்தம். என் பெயர். மறுகாவும் என் பெயர். ஒரு நண்டு மண்டபத்துக்குள் வந்து, மேசைக்குக் கீழால் என் செருப்பைத் தாண்டிப் போனது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குறிப்பு எழுதினேன். விரிவுரை முடியும்வரை எழும்பவில்லை. அந்த வருடத்தில் நான் முழுதாகக் கேட்ட முதல் விரிவுரை அதுதான். அதில் படித்தது ஒரு எழுத்தும் மறக்கவில்லை. அடுத்த வாரம் தவராசாவைப் பிடித்து, ஏன் நண்டைக் கட்டவில்லை என்று கேட்டேன்.

“நீங்க வகுப்பு முடிய வந்து பாப்பீங்க எண்டு எனக்குத் தெரியும் அக்கா. நண்டுக்குத் தெரியுமா?”

‘ரெக்கோடிங் இருக்குத்தானே’

என் மகள் மதுவுக்கும் கம்பசில் சில வகுப்புகள் இணையவழிதான். அவள் கேட்கும் முறையைப் பார்க்க வேண்டும். போர்வைக்குள் போன் பேசும், போர்வைக்கு வெளியே இவள் குறட்டை விடுவாள். ஏனென்று கேட்டால், “ரெக்கோடிங் இருக்குத்தானே அம்மா, பிறகு பாக்கலாம்.” முதல் வருடம் இந்தக் கதையை நானும் நம்பினேன். பிறகு பார்க்க வேண்டிய வகுப்புகள் மாரிகாலத்து ஊத்தை உடுப்புப்போல் குவிந்தன. எதை முதலில் எடுப்பதென்று தெரியாமல் மூடிவைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போனேன். என்ன நடந்ததென்று தேத்தண்ணிக் கடையில் கேட்டால் சொல்வார்கள்.

இந்த முறை வகுப்பைக் கறிபோல நடத்தினேன். அன்றைய கறி அன்றைக்கே முடிய வேண்டும். கேட்ட பாடத்தைப் பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்னால், குறிப்பை மூடிவைத்துவிட்டு, என் சொந்த வசனத்தில் எழுதிப் பார்ப்பேன். எழுத வராத இடம்தான் விளங்காத இடம். அந்த இடத்துக்கு மட்டும் ரெக்கோடிங்கைத் திறப்பேன். எழுதி முடியும்வரை தேத்தண்ணி இல்லை. எனக்குத் தேத்தண்ணி இல்லாவிட்டால் வீட்டில் யாருக்கும் இல்லை. ஆகவே என் படிப்பில் எல்லோருக்கும் திடீரென்று அக்கறை வந்தது.

மதுவின் புள்ளிவிபரவியல் பரீட்சை நெருங்க, பழைய ரெக்கோடிங்குகளைக் கம்பசில் அழித்துவிட்டார்கள். இடம் போதாதாம். பிள்ளை வெண்கட்டிக் கோடுவரைக்கும் வந்தாள். கோட்டைத் தாண்டவில்லை, அந்த அளவுக்கு வளர்ப்பு நல்லது.

“அம்மா, அந்த நியம விலகல் நோட்ஸ எல்லுப்போல தாங்கம்மா.”

குடி விசாரணை

குழுவாகப் படியுங்கள் என்றார்கள். எங்கள் வகுப்பில் இந்த மாவட்டத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து குழு அமைத்தோம். தலையாய ஆள் கரடியனாற்றுச் சுமதி. பாலர் பாடசாலை ஆசிரியை; போன முறை என்னோடு சேர்ந்து தவறினவள். இணையத்தில் காசு கட்டாமல் நடத்துகிற கூட்டம், குறித்த நேரம் முடிந்ததும் தானாக அறுந்துவிடும். முதல் கூட்டத்தில் சுமதி கேட்ட முதல் கேள்வி, “அக்கா, நீங்க என்ன குடி?”

குடி என்றால் தாய்வழி. எங்களூரில் ஒருவரைப் புதிதாகக் கண்டால் பெயர் கேட்க மறந்தாலும் இதைக் கேட்க மறக்க மாட்டோம். ஒரே குடியென்றால் சகோதரம், கலியாணம் முடிக்க முடியாது; வேறு குடியென்றால் முறை பார்க்கலாம். சொன்னேன். அவளும் அதே குடி! அப்படியானால் அவள் எனக்குத் தங்கச்சி. அவளுடைய புருஷன் எந்தக் குடி? அவருடைய அக்காளை முடித்தது யார்? பின்னால் போய்க்கொண்டிருந்த என்னவர் தன் குடியைச் சொல்ல, செங்கலடியிலிருந்து ஒருத்தி, “ஐயோ, அப்ப நீங்க எனக்கு மச்சான்!” என்றாள். கூட்டம் அறுந்தது. அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்ன கறி என்பதில் அறுந்தது. அதற்கடுத்தது சுமதியின் வட்டை வயலுக்குள் யானை வந்த கதையில் அறுந்தது. யானை போனதா என்பதுகூட ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு சட்டம் போட்டேன்: குடியோ கறியோ யானையோ எடுக்கிறவர், அன்றைய பாடத்தின் அடுத்த கேள்வியை எல்லோருக்கும் விளக்க வேண்டும். முதலில் மாட்டினவள் சுமதிதான். பாடம் நிகழ்தகவு. பைக்குள் சிவப்பு, நீலம், பச்சை என்று பல பந்துகள். இரண்டை எடுத்தால் வெவ்வேறு நிறமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? அவள் பந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “பந்தை விடு,” என்றேன். “ஊரில மூண்டு குடி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொடியனையும் ஒரு பொட்டையையும் பிடிக்கிறாய். முறை சரிவருமா வராதா?” கூட்டம் அறுவதற்கு முன்னால் கணக்கு முடிந்தது. அதோடு நிற்காமல், குடிகளைக் கூட்டியும் குறைத்தும் தானே புதுக் கணக்குகள் போடத் தொடங்கிவிட்டாள்.

“கலியாணம் பேசுற கணக்கெண்டு முதலே சொல்லியிருந்தா நான் போன முறையே பாஸ் பண்ணியிருப்பன்கா!”

கேள்வி எங்கே

கொன்வென்டில் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. சிஸ்டர் கேட்பார், நாங்கள் எழும்பி நின்று பதில் சொல்வோம். ஆகவே விரிவுரையாளருக்கு மின்னஞ்சலில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டி வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம் கூறி, அவருடைய உடல்நலம் விசாரித்து, அவருடைய பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிப்புக் கோரி, என் குடும்பச் சூழலைச் சுருக்கமாகவும் படிப்பின்மீது எனக்குள்ள ஆர்வத்தை விரிவாகவும் விளக்கி, தங்கள் கீழ்ப்படிவுள்ள மாணவி என்று முடித்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

விரிவுரையாளர் மதுவைவிட எல்லுப்போல, கொஞ்சமே கொஞ்சம், மூத்த பொடியன். அன்று பின்னேரமே பதில் வந்தது.

“அம்மா, கடிதம் மிக அழகு. கேள்வி எங்கே?”

இந்தா வாறன்

பரீட்சைக்கு முந்தின கடைசி ஒப்படை இது: உங்கள் சூழலிலிருந்து தரவு சேகரித்து, சராசரியும் நியம விலகலும் கண்டு, அவை எதைக் காட்டுகின்றன என்று எழுதுக. சுமதி கோழி முட்டைகளை நிறுத்தாள். செங்கலடிக்காரி பஸ் எண்ணினாள். நான் வெளியே போகவில்லை. என் தரவு வீட்டுக்குள்ளேயே சாரம் கட்டிக்கொண்டு திரிந்தது.

நான் கூப்பிட்டால் என்னவரின் பதில் எப்போதும் ஒன்றுதான்: “இந்தா வாறன்.” இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஆள் வாசலில் நிற்கலாம், அல்லது இன்னும் கட்டிலைவிட்டு இறங்காமலும் இருக்கலாம். குசினி மணிக்கூட்டை வைத்து, அவர் சொன்ன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் இடையில் எவ்வளவு என்று குறித்தேன். தேங்காய் துருவக் கூப்பிட்டேன். பல்ப் மாற்றக் கூப்பிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டேன். கணக்குப் போட்டால் சராசரி மோசமில்லை. அதை மட்டும் பார்க்கிறவர்கள், அடடா, எவ்வளவு தங்கமான மனிதர் என்பார்கள். நியம விலகலை, அதாவது ஒவ்வொரு வருகையும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பார்த்தேன், தலை சுற்றியது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட சத்தம் அடங்குமுன்னே வந்தவர், தேங்காய்க்குக் கூப்பிட்டபோது கறி இறக்கின பிறகும் வரவில்லை. இரண்டையும் கூட்டிப் பிரித்தால் நல்ல மாப்பிள்ளை, பரவலைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியும். போன வருடம் இந்தச் சூத்திரத்தை நான் செபம்போல் மனப்பாடம் பண்ணியிருந்தேன். அது என்ன சொல்கிறதென்று இப்போதுதான் விளங்கியது.

விரிவுரையாளர் என்னை அதை வகுப்பில் வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க வாசிக்க, திரையெல்லாம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தன் கதை போகிறதென்று அறிந்து இவர் வெண்கட்டிக் கோட்டடியில் வந்து நின்றார். கோபிப்பார் என்று பார்த்தேன். “அது சரி, சாப்பாட்டுக்கு வாறதை ஏன் இதோட சேர்த்த?” என்றார். “அதை விலக்கிப்போட்டுக் கணக்குப் பார். நான் எப்பயும் ஒரே மாதிரிச் சுணங்கித்தான் வருவன். நம்பலாம்.” ஒதுங்கி நிற்கும் பெறுமானங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த வாரத்துப் பாடம். திரையில் விரிவுரையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மா, அடுத்த முறை ஐயாவையும் பதியச் சொல்லுங்க.”

அம்மன் வந்த பின்னேரம்

பரீட்சைத் திகதி வந்தது. வைகாசிச் சடங்கு நாள்! ஊர் அம்மன் கோயில் சடங்கில் அம்மன் தெருத் தெருவாக வரும் பின்னேரமும் என் பரீட்சை நேரமும் ஒன்று. அம்மன் வரும்போது வீட்டுக்காரி கேற்றடியில் நிறைகுடம் வைத்து நின்று, வாயைக் குவித்து நாக்கைச் சுழற்றிக் குரவை போட வேண்டும். பரீட்சை கமராவுக்கு முன்னால். கதிரையைவிட்டு எழும்பக்கூடாது, வாய் திறக்கக்கூடாது, அறைக்குள் இன்னொரு தலை தெரியக்கூடாது. தெரிந்தால் விடைத்தாள் செல்லாது. செல்லாவிட்டால் பதிவும் இல்லை, பட்டமும் இல்லை, நான் பழையபடி வேலிக்கு மேலால் ராணி கேட்கிற கேள்விக்கு முன்னால். விரிவுரையாளருக்கு எழுதினேன், இந்த முறை ஒரே வரி: “திகதியை மாற்ற முடியுமா?” பதிலும் ஒரே வரி: “முடியாது அம்மா.”

“நீ போய் எழுது. வாசலை நான் பாக்கன்,” என்றார் இவர். இவருடைய நியம விலகலைக் கையால் கணக்குப் போட்டவள் நான், எப்படி நம்புவது? வேறு வழியும் இல்லை. மேசையைத் துடைத்தேன். தண்ணீர்ப் போத்தல், பேனை, வெற்றுத்தாள் எல்லாம் கோட்டுக்குள் வைத்தேன். கரண்ட் போனாலும் போகட்டும் என்று மதுவின் போனையும் இணைப்புக்கு ஆயத்தமாக வைத்தேன். மதுவை ராணி வீட்டுக்குத் துரத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

பாதிக் கேள்வி முடிய, மேளம் கேட்டது. தூரத்தில் தொடங்கி, சந்தி திரும்பி, எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரையின் மூலையில் மேற்பார்வையாளர் எழுதினார்: “பின்னால் சத்தம் கேட்கிறது. யாராவது வந்திருக்கிறார்களா?” நான் பதில் எழுதினேன்: “அம்மன் வந்திருக்கிறா. அறைக்குள் வரமாட்டா.” கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, “சரி, தொடருங்கள்” என்று வந்தது.

அடுத்த கேள்வியைப் பார்த்தேன். இரண்டு பஸ்கள். சுணங்கும் நேரத்தின் சராசரி இரண்டுக்கும் ஒன்றே, நியம விலகல் வேறு. நீங்கள் எதை நம்பிப் பயணம் போவீர்கள், ஏன்? கமராவுக்கு முன்னால் சிரிக்கக்கூடாது என்று விதியில் இல்லை, இருந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நான் எழுதியது பஸ்ஸைப் பற்றியல்ல என்பது திருத்தினவருக்குத் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வாசலில் மேளம் சட்டென்று தணிந்தது. குரவைச் சத்தம் ஒன்று மட்டும் எழும்பியது. பிறகு ஊர்வலம் தாண்டிப் போய்விட்டது.

முடித்து அனுப்பிவிட்டு வெளியே ஓடினேன். கேற்றடியில் நிறைகுடம் நின்றது. மாவிலை பின்பக்கம் காட்டியது, தேங்காய் குடுமி ஒரு பக்கம் சரிந்திருந்தது. இவர் வேட்டி கட்டித் திருநீறு பூசிக்கொண்டு, தண்ணி குடிக்க உள்ளே வரப்பார்த்த சொந்தக்காரரை, “உள்ள சோதினை நடக்கு” என்று வேலிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார். பூசை செய்யும் கட்டாடியாரைக் கும்பிட்டு, மேளத்தை எங்கள் வாசலில் மட்டும் மெல்லமாய் அடிக்கச் சொல்லிக் கேட்டதும் இவர்தானாம். குரவை போட ஆளில்லையென்று ராணியை வேலிக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்ததும் இவர்தான். இதையெல்லாம் ராணிதான், மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

“நான் ஒருக்காத்தான்கா கூப்பிட்டன், அம்மாள் சந்தி திரும்புறா எண்டு. அத்தான் குடத்தோட வந்து நிக்கார். ‘இந்தா வாறன்’ எண்டுகூடச் சொல்லல்ல.”

மைக்கைப் போடுகா

பெறுபேறு வந்த நாள் இணையத்தளம் திறக்கவில்லை. மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் திறந்தால் எப்படித் திறக்கும்? குழுவில் எல்லோரும் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தோம். சுமதிக்கு முதலில் திறந்தது. அவள் பாஸ், சித்தி. எனக்கு? என் இலக்கத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்தாள். எழும்பினாள். வாயைக் குவித்தாள், நாக்கு அசைந்தது, கண்ணில் தண்ணீர், கை ஆகாயத்தில். ஒரு சத்தமும் இல்லை.

“என்னகா? என்ன வந்திருக்கு?” என்று கத்தினேன்.

அவள் இன்னும் பலமாக வாயைக் குவித்தாள். செங்கலடிக்காரிதான் கண்டுபிடித்தாள்: “சுமதி, மைக்கைப் போடுகா!”

போட்டாள். குரவை! எங்கள் வீட்டுக் கூரைத்தகடு அதிர்ந்தது. நான் வெறும் சித்தி மட்டுமில்லை, நல்ல புள்ளியோடு திறமைச் சித்தி. செங்கலடிக்காரி குரவை போட்டாள், மற்றவர்கள் போட்டார்கள், நான் போட்டேன். வேலிக்கு அங்காலிருந்து விஷயம் தெரியாமலே ராணியும் போட்டாள். கேற்றடியில் வாளிக்குள் திரளி மீன் போட்டுக்கொண்டிருந்த தவராசா நிமிர்ந்தார். “யாருக்கு அக்கா கலியாணம்?” “எனக்குப் புள்ளிவிபரவியலோட!” என்றேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்கு நடந்தார். போன வருடம் கொண்டுபோன செய்தியை இந்த வருடம் திருத்திச் சொல்ல வேண்டும் அல்லவா. ராணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மருமகன் எடுக்கும் வயதைப் பற்றி இந்த முறை ஒன்றும் வரவில்லை. வேலிக் கம்பைச் சுரண்டினாள்.

“அக்கா, உன்ட கம்பசில அடுத்த பதிவு எப்பகா திறக்கும்?”

பெறுபேற்றுத் தாளைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மேசைக்கு நேர் மேலே சுவரில் தொங்க வேண்டும், வெண்கட்டிக் கோட்டுக்கு உள்ளே. ஆணியும் இருக்கிறது, சுத்தியலும் இருக்கிறது, தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்த என்னவர் பின்விறாந்தையில் பேப்பரோடு இருக்கிறார். ஒருக்கால் கூப்பிட்டேன். ‘இந்தா வாறன்’ கூட வரவில்லை. ஒரு பட்டப்படிப்பு முழுவதையும் என் வீட்டுக்குள் வரவழைத்த எனக்கு, பின்விறாந்தையிலிருந்து ஒரு மனிதரை வரவழைக்கும் பாடம் இன்னும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடங்கவில்லை.

“இஞ்சேருங்க! அந்தச் சுத்தியலை எடுத்துக்கொண்டு எல்லுப்போல வாங்களன்!”